டொக்டருக்குப் படிக்கும் மகன் திரும்பிப் போகமாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். மகன் வெளிமாவட்டத்து மருத்துவ பீடமொன்றில் இரண்டாம் வருடம். முதல் பெரிய பரீட்சையில் அனட்டமி (உடற்கூற்றியல்) பாடம் பெயிலாகிவிட்டது. லீவுக்கு வீட்டுக்கு வந்தவன், "எனக்கு இது சரிவராது, நான் போகமாட்டேன்" என்று அறைக்குள்ளேயே கிடக்கிறான். இரவெல்லாம் விழிப்பு, பகலில் தூக்கம். தகப்பன் அவனோடு கதைப்பதில்லை. இது பயமா, சோம்பலா, வருத்தமா? கட்டாயப்படுத்தி அனுப்பலாமா? படிப்பை மாற்றிவிடலாமா? இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

அக்கா, நானும் திருகோணமலையிலிருந்து மருத்துவ பீடம் போய்ப் படித்தவன்தான். இப்போது உளநலத் துறையில் வேலை செய்கிறேன். உங்கள் மகனைப் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் சோம்பல் என்ற சொல்லை இன்றைக்கே விட்டுவிடுங்கள். உயிரியல் பிரிவில் மருத்துவத்துக்குப் போகுமளவுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) எடுத்த பிள்ளை இருபத்தொரு வயதில் திடீரென்று சோம்பேறியாவதில்லை.

முதலில் ஒரு வேலை இருக்கிறது. அதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். அவனோடு தனியாக இருக்கும்போது, "செத்துப்போனால் நல்லது என்று எப்போதாவது நினைத்தாயா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி வராது. உள்ளுக்குள் அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம் குறையும். ஓம் என்றாலும், பதில் சொல்லாமல் அழுதாலும் அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், இரவானாலும் சரி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அப்படி எதுவும் இல்லை என்றால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். பரீட்சையில் தவறினால் நாலைந்து நாள் ஒருவன் சுருண்டு கிடப்பது இயல்பு. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், மனம் இருண்டே கிடக்கிறது. முன்பு பிடித்த கிரிக்கெட், பாட்டு, கூட்டாளிமார் எதுவும் வேண்டாம் என்கிறான். தூக்கம் குழம்பியிருக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, ஒரு பக்கம் வாசித்தாலும் ஏறவில்லை, தன்னால் குடும்பத்துக்கே கேவலம் என்கிறான். இவற்றில் பல சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோய். டெங்குவுக்கும் ஆஸ்துமாவுக்கும் போல இதற்கும் வைத்தியம் இருக்கிறது.

மருத்துவ மாணவர்களிடம் இது அரிதான விஷயமே இல்லை. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 47 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து, ஏறத்தாழ 1 இலட்சத்து 29 ஆயிரம் மருத்துவ மாணவர்களைப் பற்றிய தரவுகளைப் பார்த்தார்கள். 27.2 வீதமானோரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 வீதமானோருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. பெரும்பாலும் வினாக்கொத்து வைத்து அளந்த கணக்கு அது; மருத்துவர் நேரில் பரிசோதித்து உறுதிசெய்தால் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் என் மனதில் நிற்பது மூன்றாவது கணக்கு. அறிகுறி இருந்தவர்களில் வைத்தியம் தேடிப் போனவர்கள் 15.7 வீதம் மட்டுமே. எதிர்காலத்தில் வைத்தியம் செய்யப்போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே நடமாடுகிறவர்கள், தங்களுக்கென்று ஒரு வைத்தியரிடம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று என்ன நடக்கிறது? டியூஷன் சென்டர் அவன் படத்தைப் போட்டுப் பெரிய பனர் கட்டும். அது ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் வெளிறிக்கொண்டு தொங்கும். அம்மா பத்திரகாளி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடிப்பார். கனடாவிலிருந்து மாமா ஸ்டெதஸ்கோப் அனுப்புவார். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதேதான், நேர்ச்சை வைக்கும் இடம்தான் வேறு. அவன் பீடத்துக்குள் கால் வைக்கும் முன்பே ஊர் அவனை "டொக்டர்" என்று கூப்பிடத் தொடங்கிவிடும். முதல் லீவுக்கு வரும்போது பக்கத்து வீட்டு அம்மா சுகர் ரிப்போர்ட்டோடு வாசலில் நிற்பார். அவன் அதுவரை ஒரு நோயாளியையும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டான். தெரியாது என்று சொல்லக் கூச்சம், ஏதோ சொல்லி அனுப்புவான். அன்றிலிருந்து "எனக்குத் தெரியாது", "எனக்கு ஏலாது" என்று சொல்வதற்கு அவனுக்கு உலகத்தில் ஓர் இடம் இல்லாமல் போகிறது. பீடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை, கோயில் வீதியிலும் இல்லை. புத்தகச் சுமையைவிட இதுதான் இந்தப் பிள்ளைகளைத் தின்கிறது என்பது என் எண்ணம். அதனால் உங்களிடம் நான் கேட்கும் பெரிய உதவி, வீட்டிலாவது அவன் டொக்டராக இல்லாமல் இருக்க விடுங்கள் என்பதுதான்.

அங்கே அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஆறுதல் சொன்னால் அவன் காதில் ஏறாது.

அனட்டமியில் ஸ்பொட் என்று ஒரு பரீட்சை. நீள மேசைகள், உடல்களைக் கெடாமல் வைக்கும் ஃபோமலின் வாடை கண்ணைக் கரிக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஓர் உறுப்போ எலும்போ, அதில் ஒரு குண்டூசி குத்தியோ நூல் கட்டியோ இருக்கும். இது என்ன நரம்பு, இது அறுந்தால் கையின் எந்த அசைவு போகும் என்று கேள்வி. மணி அடித்ததும் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடுத்த மேசைக்கு நகரவேண்டும். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், ஆங்கில எழுத்துக்கூட்டல் வராது, மணி அடித்துவிடும். முன்னால் போகிறவன் விறுவிறுவென்று எழுதுவது போலவே தெரியும். விட்ட கேள்வியை நினைத்துக்கொண்டே அடுத்த மூன்று கேள்விகளையும் விட்டுவிடுவான். பிறகு வைவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை. எதிரே இரண்டு விரிவுரையாளர்கள். தமிழில் கேட்டால் பத்து நிமிடம் விளக்குவான், ஆங்கிலத்தில் கேட்டால் இரண்டு சொல்லோடு நின்றுவிடுவான். உயர்தரம் முழுவதும் தமிழில் படித்துவிட்டு, ஒரே பாய்ச்சலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வாசிக்கிறான். மற்றவன் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் பக்கங்களுக்கு அவனுக்கு மூன்று மணித்தியாலம் போகும். அந்த நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பான். பேராதனை, காலி பக்கம் போன பிள்ளைகளுக்கு வோர்டுக்குப் போகும்போது சிங்களமும் சேரும். மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரும் சிங்களப் பிள்ளைகள் இதே கஷ்டத்தைத் தமிழில் படுகிறார்கள்.

அப்புறம் இந்தக் கோட்டாப் பேச்சு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இங்கிருந்து போகிற பிள்ளையிடம் யாராவது ஒருவர் "நீ கோட்டாவில் வந்தவன்தானே" என்று ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் அவனே தனக்குச் சொல்லிக்கொள்வான். அனட்டமி போன அன்று அந்தப் பேச்சு உண்மையாகிவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்கும். இதை வாய்விட்டுக் கதையுங்கள். கொழும்பில் ஆய்வுகூடம், ஆசிரியர், டியூஷன் எல்லாம் இருந்து எடுத்த புள்ளியும், குச்சவெளிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து எடுத்த புள்ளியும் ஒன்றல்ல என்பதால்தான் அந்த ஒதுக்கீடு வந்தது. பீடத்துக்குள் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். கோட்டாவில் போய்ச் சித்தியடைந்தவருக்கென்று வேறு பட்டம் கிடையாது.

இங்கே முதலாம் பிள்ளையாக இருந்தவன், அங்கே போனால் எல்லோரும் முதலாம் பிள்ளைகள். ஆனாலும் யாரோ பாதிப்பேர் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்துதானே ஆகவேண்டும்? அந்தப் பட்டியல் கடைசிவரை துரத்தும். ஐந்து வருடம் முடிந்து இன்டேர்ன்ஷிப்புக்கு (உள்ளகப் பயிற்சிக்கு) எந்த ஆஸ்பத்திரி என்பதும் தரவரிசைப்படிதான். சீனியர்மார் அதை முதல் வருடத்திலேயே சொல்லிப் பயமுறுத்துவார்கள். இறுதிப் பரீட்சை முடிந்தும் நியமனத்துக்காக மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்க வேண்டிவரும்.

பகிடிவதை (ராகிங்) பற்றியும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத்தண்டனை வரை போகலாம். பையன்கள் இதை வீட்டில் சொல்லவே மாட்டார்கள். "போகமாட்டேன்" என்பதற்கு அனட்டமி சாட்டாக இருந்து, உள்ளே வேறு காரணமும் இருக்கலாம். காதல், காசு, போர்டிங்கில் சண்டை, எதுவானாலும் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இனி வைத்தியம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலைகளில் விசாரிக்கலாம். கிளினிக் வாசலில் யாராவது கண்டுவிடுவார்களே என்று நீங்கள் தயங்குவீர்கள், எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் தாங்கமுடியாது என்றால் மட்டக்களப்புக்குக் கூட்டிப்போங்கள், அதுவும் சரி. போகாமல் இருப்பதுதான் பிழை. போகும்போது அவன் கடந்த ஒரு கிழமையில் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனைக்கு எழுந்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைரொயிட்டும் இரத்தச்சோகையும் பார்க்கச் சொல்வார்கள், இரண்டும் களைப்பையும் சோர்வையும் தரக்கூடியவை. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல், அப்படியிருந்தும் களைப்பில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாட்கணக்கில் இருந்திருக்கிறானா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படியிருந்தால் கொடுக்கும் மருந்தே மாறும்.

மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் புளூஒக்செட்டின் அல்லது செர்ட்ரலின் தருவார்கள். போட்ட மறுநாள் மனம் தெளியாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதற்கும் கூட எடுக்கும். முதல் நாட்களில் குமட்டலும் படபடப்பும் வரலாம். இருபத்தைந்துக்குக் குறைந்த வயதினரை ஆரம்பக் கிழமைகளில் வீட்டார் கூடவே இருந்து கவனிக்கவேண்டும். சிலருக்கு அந்தக் காலத்தில் அமைதியின்மையும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும். இவை போதைப்பொருள் மாதிரிப் பழக்கமாகிவிடும் மருந்துகள் அல்ல. ஆனால் சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. சுகமான பிறகும் வழமையாக ஆறு மாதமாவது தொடர்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். உளவளத்துணையும் (கவுன்சிலிங்) சேர்ந்தால் நல்லது; இலேசான நிலையென்றால் சிலவேளை அதுவே போதும். மனநோய் மருந்து எடுத்தவன் டொக்டராக முடியாது என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். மருந்து எடுத்துக்கொண்டே படித்து முடித்து, நன்றாக வேலை செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கோணேசர் மலைக்கு ஏறிவிட்டு வந்தால் உங்களுக்கும் அவனுக்கும் மனம் லேசாகும். செய்வினை, கண்ணூறு என்று யாராவது காசு கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள், அந்த நாட்களில் வைத்தியம் தள்ளிப்போகிறது.

தூக்கத்தைச் சரிசெய்ய "நேரத்தோடு படு" என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. தூக்கம் சொல்லிக் கேட்காது. எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறரைக்கு எழுப்பி உப்புவெளிக் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடக்க வையுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். பகல் தூக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு பிளேன்டீயும் எனர்ஜி ட்ரிங்கும் வேண்டாம். அவற்றிலிருந்து உள்ளே போன, தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஒரு கிழமை கஷ்டப்படுவான், பிறகு பிடித்துக்கொள்ளும்.

இதில் தகப்பனுக்குத்தான் பெரிய பங்கு. அவர் கதைக்காமல் இருப்பது கோபத்தால் என்று மகன் நினைக்கிறான். அநேகமான அப்பாமார் என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் பேசாமல் இருக்கிறார்கள். அவரிடம் சொல்லுங்கள், புத்திமதி ஒன்றும் தேவையில்லை, பரீட்சை பற்றி ஒரு கிழமைக்கு வாயே திறக்க வேண்டாம். காலையில் மீன் வாங்கப் போகும்போது அவனையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகட்டும். பைக்கில் போகும்போது முகம் பார்க்காமல் கதைக்கலாம், பையன்களுக்கு அது லேசு. அவன் பீடத்தில் இருக்கும்போது எடுக்கும் போனும் அப்படித்தான். "சாப்பிட்டியா?" "ஓம்." "படிக்கிறியா?" "ஓம்." போன் முடிந்தது. அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையாவது கேளுங்கள். அறையில் யார் சமைக்கிறது, வோர்டில் இன்று யாரைப் பார்த்தாய், மழை பெய்கிறதா, இப்படி ஏதாவது. சொந்தக்காரர் கேட்டால் "லீவில் நிற்கிறான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ரிப்பீட், அதாவது தவறிய பரீட்சையை மறுபடி எழுதவேண்டும் என்ற செய்தியை ஊருக்குச் சொல்லும் உரிமை அவனுடையது.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவர்களுடைய அழுத்தம் வேறு மாதிரி. வருடக்கணக்கில் படித்து முடித்தும் அரச நியமனம் எப்போது என்று தெரியாத காத்திருப்பு, கலியாண வீட்டில் "எம்பிபிஎஸ்ஸா, சித்தாவா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பும் ஆட்கள். "ஊருக்குள்ளேயே படிக்கிறாய், உனக்கென்ன கஷ்டம்" என்று வீட்டார் நினைப்பது வேறு. நான் சொன்ன அறிகுறிகள் அவர்களுக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரியும் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு படிப்பைப் பற்றிக் கதைக்கலாம், அதற்கு முன் வேண்டாம். அப்போது அவனிடம் கேளுங்கள், எப்படிப் படித்தாய் என்று. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு அதையே மூன்றாம் தரம், நான்காம் தரம் வாசிப்பார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலிருக்கும், ஸ்பொட்டில் வராது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்பவும் வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, தாளை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, திரும்ப வாசித்தவர்களுக்கு 42 வீதம். அனட்டமிக்கு இது அப்படியே பொருந்தும். படத்தைப் பார், மூடு, வெற்றுத்தாளில் வரை, பெயர் எழுது, திறந்து சரிபார். அதை மூன்றாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை. கூட்டாளி ஒருவனோடு ஆங்கிலத்தில் வாய்விட்டுக் கேட்டுப் பதில் சொன்னால் வைவாவுக்கும் அதுவே பயிற்சி. சீனியர்மார் ஜூனியர்மாருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்புக்கு வெட்கப்படாமல் போகச் சொல்லுங்கள். அங்கே பாடம் எடுப்பவர்களிலும் ரிப்பீட் எடுத்துப் பாஸ் பண்ணியவர்கள் இருப்பார்கள்.

பீடத்தோடு செய்யவேண்டிய வேலையும் உண்டு. ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு அவனே மின்னஞ்சல் போடட்டும்; ஏலாது என்றால் நீங்கள் பேசுங்கள். ரிப்பீட் பரீட்சை எப்போது, அதற்கு முன் எவ்வளவு காலம் மருத்துவ விடுமுறை எடுக்கலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பரீட்சைக்கு இருக்கமுடியாத நிலையென்றால், மருத்துவச் சான்றிதழ் பீடம் சொல்லும் நாளுக்குள், பீடம் ஏற்கும் மருத்துவரிடமிருந்து போகவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் சிக்கல். ரிப்பீட்டில் எவ்வளவு எடுத்தாலும் பொதுவாகச் சாதாரணச் சித்திதான், வகுப்புச் சித்தி (கிளாஸ்) கிடைக்காது. அதை நினைத்து அவன் அழுவான், அழட்டும். வகுப்புச் சித்தி இல்லாத டொக்டர்கள் இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஏராளம்.

கடைசியாக, கட்டாயப்படுத்தி அனுப்பலாமா, படிப்பை மாற்றலாமா என்ற கேள்விகள். கட்டாயப்படுத்தி அனுப்பவேண்டாம். இந்த நிலையில் ஹொஸ்டல் அறையில் தனியாகக் கிடப்பது ஆபத்து. படிப்பை விடும் முடிவையும் இப்போது எடுக்கவேண்டாம், அவன் எவ்வளவு கெஞ்சினாலும். மனச்சோர்வில் இருக்கும்போது எல்லாக் கதவும் மூடியதாகவே தெரியும். அரச பல்கலைக்கழகத்தில் ஒருமுறை பதிந்தபின் விலகினால் வேறு பாடநெறிக்கென்று மறுபடி உள்ளே வருவது லேசில்லை. ஆகவே விலகல் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள், விடுமுறை மட்டும் எடுங்கள். வைத்தியம் பிடித்து, தூக்கமும் பசியும் திரும்பி, இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்த பிறகும் "அம்மா, எனக்கு மருத்துவம் வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னால், அன்று அவன் சொல்வதை நீங்கள் இருவரும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வேறு என்ன படிக்கலாம் என்று அவனோடு சேர்ந்து விசாரிக்கத் தொடங்குங்கள், ஊரில் கட்டிய பனருக்காக அவனைத் திரும்ப அனுப்பாதீர்கள்.